உம்மம்மாவின் ஒரு பிடி மண்

என் உம்மம்மா யாருக்கும் வெறுங்கன்று கொடுத்ததில்லை. தாய்ச்செடியின் அடியில் கைவிட்டு ஒரு பிடி மண் எடுத்து, பழைய துணித்துண்டில் முடிந்து, கன்றோடு சேர்த்துத்தான் கொடுப்பார். "இந்த மண்ணையும் குழிக்குள்ள போடுங்கோ. புதுசாப் போற இடத்தில தனிய நிண்டா அது பாவம்" என்பார். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. போகிற இடத்தில் மண் இருக்காதா என்ன?

உம்மம்மா பிறந்தது நயினாதீவில். வாழ்க்கைப்பட்டது யாழ்ப்பாணம் சோனகத்தெருவில். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, எங்கள் ஊரவர் எல்லோரையும் போல, பிள்ளைகளையும் கையில் அகப்பட்ட துணிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. புத்தளத்தில் ஓலைக்கொட்டில் ஒன்றில் வாழ்க்கை மீண்டும் தொடங்கியது. ஒரு வருடம் கழித்து ஹஜ் பெருநாளுக்கு முந்திய நாள், பக்கத்துக் காணிக்காரப் பெண்மணி ஒருவர், "புள்ளைகளுக்குக் கைக்கு வைங்க" என்று ஒரு சிறங்கை மருதோன்றி இலையும், நடுவதற்கு ஒரு கன்றும் கொண்டுவந்து கொடுத்தாராம். கன்றின் அடியில் ஈரமண் ஒட்டியிருந்ததாம். "அந்த மண்ணையும் அவதான் தந்தா" என்று உம்மம்மா இன்றும் சொல்வார். கன்றைத் தந்ததைவிட மண்ணைத் தந்ததுதான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது.

நாங்கள் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தபோது எனக்கு ஆறு வயது. சோனகத்தெரு வீட்டில் கூரை இல்லை. சுவருக்குள் மரங்கள் வளர்ந்திருந்தன. நாங்கள் வாடகை வீடொன்றில் இருந்தோம். உம்மம்மா மட்டும், "நான் பிறந்த வளவில போய் இருக்கிறன்" என்று நயினாதீவில் தன் தம்பி குடும்பத்தோடு தங்கிவிட்டார். அவரைக் கொண்டுபோய் விட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புத்தளத்து மருதோன்றியின் இரண்டு கன்றுகள் ஈரச்சாக்கில் சுற்றப்பட்டிருந்தன. கூடவே இரண்டு மண் முடிச்சுகள். முடிச்சுகளைப் பத்திரமாகப் பிடித்திருக்கும் வேலை எனக்கு.

பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குப் போய் அங்கே படகு ஏறினோம். படகு கிளம்பியதும் நான் ஒரு முடிச்சை அவிழ்த்தேன். மண் எப்படிக் கரைகிறது என்று பார்க்க ஆசை. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, முழுவதையும் கடலில் போட்டுவிட்டேன். உம்மம்மா கண்டார். ஒன்றும் சொல்லவில்லை. மற்ற முடிச்சை என் கையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மண் இருந்த கன்று வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நடப்பட்டது. மண்ணை நான் கடலில் போட்ட கன்று படலைக்கு அருகே, பழைய சுவர் இடிந்து கல்லும் சுண்ணாம்புமாகக் கிடந்த இடத்தில் நடப்பட்டது. வேப்பமரத்தடிக் கன்று தளைத்தது. படலையடிக் கன்று இரண்டு மாதத்தில் குச்சியாகிவிட்டது. அதைக் கொன்றவள் நான்தான் என்ற நினைப்பு, யாரிடமும் சொல்லாமலே, பல வருடங்கள் எனக்குள் கிடந்தது.

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் ஆசிரியை 'மைக்கொரைசா' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். கிரேக்க மொழியில் பங்கசு வேர் என்று பொருள். 1885 இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் பிராங்க் வைத்த பெயர். விலையுயர்ந்த ஒரு நிலக்கீழ்க் காளானை வளர்க்க முடியுமா என்று ஆராயப் போனவர், காட்டு மரங்களின் வேர் நுனிகளைப் பங்கசு உறைபோல மூடியிருப்பதைக் கண்டார். அது நோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிராங்க் அதை உறவு என்றார்.

பங்கசு என்றவுடன் நமக்கு மாரிமழைக்குப் பின் புற்றடியில் குடை விரிக்கும் காளான்தான் நினைவுக்கு வரும். அந்தப் புற்றுக்காளான் கறையானோடு கூட்டுச் சேர்ந்தது; வேரோடு அல்ல. பயிர்களிலும் பழமரங்களிலும் பனையிலும் குடியிருக்கும் பங்கசுவோ குடையே விரிப்பதில்லை. மண்ணுக்குள் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாக ஓடுகிறது. வேரின் கலத்துக்குள் புகுந்து சின்னஞ்சிறு மரம்போலக் கிளைவிடுகிறது. கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடம் அந்தக் கிளைதான். உலகத்துத் தாவர இனங்களில் பத்தில் ஏழுக்குக் குறையாதவை இந்த வகைப் பங்கசுவோடு சேர்ந்து வாழ்கின்றன. ஸ்கொட்லாந்தில் ரைனி என்ற ஊரின் கல்லுக்குள் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்திய தாவரங்கள் புதைபடிவமாக இருக்கின்றன. அவற்றுக்கு உண்மையான வேர்கூட இல்லை. ஆனால் கலங்களுக்குள் அந்தக் கிளைவிட்ட பங்கசு இருக்கிறது. வேர் தோன்றுவதற்கு முன்பே இந்தச் சிநேகிதம் தொடங்கிவிட்டது.

எதற்காக இந்த உறவு? எங்கள் தீவுகளின் மண்ணே இதற்கு விளக்கம் சொல்லும். யாழ்ப்பாணமும் தீவகமும் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கின்றன. நெடுந்தீவுக்குப் போனவர்கள் வேலிக்குப் பதிலாகக் கல்லடுக்கிய மதில்களைக் கண்டிருப்பீர்கள். இப்படிப்பட்ட மண்ணில் பொசுபரசு இருந்தாலும் கல்சியத்தோடு இறுகிக்கொள்கிறது. நீரில் எளிதில் கரையாது. நைதரேற்றைப் போல நீரோடு ஓடி வேரைத் தேடி வராது. வேர் தன்னைச் சுற்றியுள்ள ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மண்ணில் இருப்பதை எடுத்து முடித்ததும் பட்டினிதான். பங்கசு இழைகளோ அந்த வெறுமையைத் தாண்டிச் சில சென்ரிமீற்றர் தூரம் போகும். வேர் நுழைய முடியாத மண்துளைகளுக்குள் நுழைந்து பொசுபரசைக் கொண்டுவந்து தரும். பனைக் குடும்பத்து மரங்களின் தடித்த வேர்களில் பொதுவாக வேர்மயிர்கள் இல்லை. அவற்றுக்கு இந்த இழைகள் இன்னும் அதிகம் தேவை. புங்குடுதீவுத் தெருவோரப் பனங்கூடல்களைப் பார்க்கும்போது இப்போது எனக்கு நிலத்துக்கு மேலே இருப்பது பாதிதான் என்று தோன்றும்.

இந்த உதவி இலவசமில்லை. தாவரம் ஒளித்தொகுப்பில் உண்டாக்கும் காபனில் ஒரு பங்கை, சில வேளை ஐந்தில் ஒரு பங்கு வரைகூட, பங்கசுவுக்குக் கொடுக்கிறது. பங்கசுவுக்குப் பச்சையம் இல்லை. தானே உணவு செய்ய முடியாது. ஒருவர் சீனி கொடுக்கிறார், மற்றவர் பொசுபரசு கொடுக்கிறார்.

வகுப்பு முடியுமுன்னே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். உம்மம்மாவின் ஒரு பிடி மண்ணில் இருந்தது பங்கசு! நான் கடலில் தூவியது அதைத்தான்! ஓடிப்போய் ஆசிரியையிடம் முழுக்கதையையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேள்விகளைத் தொடங்கினார்.

"இரண்டு கன்றுக்கும் ஒரே அளவு தண்ணி விட்டீங்களா?"

இல்லை. வேப்பமரம் கிணற்றடியில் இருந்தது.

"நிழல்?"

படலையடியில் நிழலே இல்லை.

"அந்த வளவு மண்ணில முதலே பங்கசு இருந்திருக்காதா? வேப்பமரம் அத்தனை வருஷம் அங்கதானே நிக்குது?"

எனக்குப் பதில் இல்லை. "கதை நல்லாயிருக்கு. ஆனா ஒரு கன்றை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. செய்து பாருங்களன்" என்றார்.

செய்து பார்த்தேன். வேப்பமரத்தடி மண் ஒரு வாளி கொண்டுவந்தேன். பாதியை, உம்மா இல்லாத நேரம் பார்த்து, இடியப்பப் பானையில் துணி கட்டி நன்றாக அவித்தேன், உள்ளிருக்கும் பங்கசு எல்லாம் சாக வேண்டுமென்று. (அந்தப் பானை பிறகு இடியப்பத்துக்குப் பயன்படவில்லை. உம்மா இதை வாசிப்பார் என்பதால் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.) அவித்த மண்ணில் ஐந்து சாடி, அவிக்காத மண்ணில் ஐந்து சாடி. எல்லாவற்றிலும் சோளம். ஒரே இடம், ஒரே அளவு தண்ணீர்.

மூன்றாம் கிழமை நான் அழாத குறை. அவித்த மண்ணில் நின்ற சோளம்தான் அதிகப் பச்சையாக இருந்தது! ஆசிரியை சிரித்தார். மண்ணை அவிக்கும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் இறந்து, அவற்றின் உடலில் இருந்த நைதரசனும் பொசுபரசும் வெளியே வந்துவிடும். அதுவே கொஞ்சக் காலத்துக்கு உரம் போலாகும் என்றார். "அந்த உரம் முடியட்டும், பார்ப்பம்." முடியுமுன்னே ஒரு மத்தியானம் யாரோ வீட்டு ஆடு ஏழு சாடிகளை முடித்துவிட்டது. என் ஆராய்ச்சி அத்தோடு சரி.

அன்று மனம் சோர்ந்திருந்த எனக்கு ஆசிரியை சொன்ன ஒன்று ஆறுதலாக இருந்தது. கனடாவில் சுசான் சிமார்ட் என்ற பெண் விஞ்ஞானி 1997 இல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார். காட்டில் பேர்ச் மரத்துக்கும் டக்ளஸ் பேர் மரத்துக்கும் இடையே காபன் போய் வருவதைக் கதிர்த்தொழிற்பாட்டுக் காபனைக் கொண்டு காட்டினார். மரங்கள் பங்கசு இழைகளால் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் தன் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது என்றெல்லாம் பிறகு உலகம் முழுவதும் கதை பரவியது. 2023 இல் வேறு மூன்று ஆய்வாளர்கள் அதுவரை வந்த சான்றுகளை ஒன்றாக வைத்துச் சரிபார்த்தார்கள். வேரும் பங்கசுவும் கொடுத்து வாங்குவது உறுதி. ஆனால் காட்டில் தாய்மரம் தன் பிள்ளையைத் தெரிந்து ஊட்டுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். "பெரிய விஞ்ஞானிகளுக்கே நல்ல கதையில மயக்கம் வரும். உங்களுக்கு வந்ததில என்ன?" என்றார் ஆசிரியை.

அடுத்த பாடத்தில்தான் என்னைத் தைத்த அந்தச் சொல் வந்தது.

தாவரம் என்றால் பச்சையாக இருக்கும், தானே உணவு தயாரிக்கும் என்று சின்ன வகுப்பிலிருந்து படித்திருக்கிறோம். நம் நாட்டின் ஈரவலயக் காடுகளில் அப்படியில்லாத தாவரங்களும் உண்டு. எபிபோகியம் ரோசியம் என்ற ஓர்கிட்டுக்குப் பச்சை இலையே கிடையாது. வருடத்தில் பெரும்பகுதி நிலத்துக்குள் கிழங்காகக் கிடந்து, மழையோடு வெளிறிய தண்டொன்றை மேலே நீட்டி, சில நாட்களில் பூத்துக் காய்த்து மறைந்துவிடும். திஸ்மியா கார்ட்னேரியானா இன்னொன்று. இலங்கையிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட இந்தச் சிறு செடிக்கு, பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த ஜோர்ஜ் கார்ட்னரின் பெயரை வைத்தார்கள். உதிர்ந்த இலைகளுக்கு நடுவே பூ மட்டும் தெரியும். இப்படி உலகில் சுமார் 500 இனங்கள் இருக்கின்றன.

இவை அழுகிய இலையைத் தின்று வாழ்கின்றன என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். உண்மையில் எந்தத் தாவரத்தாலும் அழுகலை நேரடியாகத் தின்ன முடியாது. தின்பது பங்கசு, இந்தச் செடிகள் பங்கசுவிடமிருந்து எடுக்கின்றன. அதிலும் இரண்டு வழி உண்டு. எபிபோகியம் அழுகலைத் தின்னும் பங்கசுவிடமிருந்து எடுக்கிறது. திஸ்மியாக் குடும்பத்துச் செடிகளோ மரங்களின் வேரோடு சேர்ந்து வாழும் பங்கசுவிடமிருந்து எடுக்கின்றன. அப்படியானால் அந்தச் சீனியின் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கும் மரம். சுவீடனைச் சேர்ந்த பியோர்க்மன் 1960 இல் இதை அழகாகக் காட்டினார். பைன், ஸ்புரூஸ் மரங்களின் தண்டுக்குள் கதிர்த்தொழிற்பாட்டுக் காபன் உள்ள குளுக்கோசைச் செலுத்தினார். சில நாட்களில் அந்தக் காபன், அருகே தரையில் நின்ற மொனோட்ரோப்பா என்ற பச்சையில்லாச் செடியில் இருந்தது. இரண்டின் வேர்களும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் பங்கசு இருந்தது.

"இந்தச் செடிகள் பங்கசுவுக்குத் திருப்பி என்ன கொடுக்குது?" என்று ஒருத்தி கேட்டாள். "நமக்குத் தெரிந்தவரை ஒன்றுமில்லை. அதனால சில புத்தகங்களில் இதுகளை ஏமாற்றுத் தாவரங்கள் எண்டு எழுதுவாங்க" என்றார் ஆசிரியை. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரவு சாப்பிடும்போது உம்மாவிடம் அந்த வேடிக்கையைச் சொன்னேன். உம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். இடம்பெயர்ந்து போன புதிதில், உம்மா எட்டாம் வகுப்பில் சேர்ந்தபோது, பக்கத்தில் இருந்த பிள்ளை தன் கதிரையை இழுத்துக்கொண்டு, "அகதிப் புள்ளைகள் வந்துதான் எங்களுக்கு இடமில்லாமப் போச்சு. எங்கட தண்ணியையும் நீங்கதான் முடிக்கிறீங்க" என்றதாம். "அந்தப் புள்ளையில பிழையில்ல. அங்க உள்ளவங்களும் கஷ்டப்பட்டவங்கதான். பள்ளிவாசலையும் வீட்டையும் திறந்துவிட்டவங்க அவங்க. கிணறும் ஸ்கூலும் ரெண்டு மடங்கு சனத்துக்குப் பங்கு போட வேண்டி வந்திச்சு. அவ சொன்னது கணக்கு. ஆனா எனக்கு அண்டைக்கு அந்தத் தண்ணி தொண்டையில இறங்கல்ல" என்றார்.

ஏமாற்றுத் தாவரம் என்ற சொல்லைக் கேட்டபோது உம்மாவுக்கு எது நினைவு வந்தது என்று எனக்குப் புரிந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எடுக்க மட்டுமே தெரிந்தவர்களா நாங்கள்?

மறுநாள் ஆசிரியையிடம் போய் இன்னும் கேட்டேன். அவர் தந்த குறிப்புகளில்தான் ஓர்கிட் வித்துகளைப் பற்றி வாசித்தேன். ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் இலட்சக்கணக்கில், தூள்போல வித்துகள் இருக்கும். ஒரு மாங்கொட்டைக்குள்ளோ பனங்கொட்டைக்குள்ளோ தாய் கட்டிக்கொடுத்த சோறு இருக்கிறது. பனம்பாத்தியில் கிழங்கு இறங்குவது அதை உண்டுதான். ஓர்கிட் வித்துக்குள் அப்படி ஒன்றுமேயில்லை. வெறுங்கையோடு அனுப்பப்பட்ட பிள்ளை அது. விழுந்த இடத்தில் தகுந்த பங்கசு வந்து சேர்ந்தால் காட்டில் அது முளைக்கும், இல்லாவிட்டால் இல்லை. பிரான்சில் நோயெல் பெர்னார் 1899 இல் இதைக் கண்டறிந்தார். மே மாதத்தில் பூக்கும் நம் நாட்டு வெசாக் ஓர்கிட்டும் இப்படித்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு ஓர்கிட்டும் பங்கசுவின் கையை எதிர்பார்த்திருக்கும் பச்சையில்லாப் பிள்ளைதான்.

பிறகு பெரும்பாலான ஓர்கிட்டுகளுக்குப் பச்சை இலை வருகிறது. அதன்பின் என்ன நடக்கிறது? ஓர்கிட்டுகள் பங்கசுவுக்கு எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2006 இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் குட்இயரா ரெப்பன்ஸ் என்ற பச்சை இலை ஓர்கிட்டில் காபனின் வழியைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இலை செய்த காபன் வேருக்கு இறங்கி, அங்கிருந்து பங்கசுவுக்குப் போயிருந்தது. சிறுவயதில் வாங்கி உண்டது, இலை வந்தபின் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதை வாசித்தபோது உம்மாவை எழுப்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

புலம்பெயர்ந்த தாவரங்களைப் பற்றியும் தேடி வாசித்தேன். பைன் மரங்கள் சொந்தப் பங்கசு இல்லாத நாட்டுக்குப் போனால் தவித்துப்போகும். புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பல வருடங்களாக நட்ட பைன் கன்றுகள் மஞ்சளாகிச் செத்துக்கொண்டே இருந்தன. 1955 இல் அமெரிக்கப் பைன் காட்டிலிருந்து மண் கொண்டுவந்து கன்றுகளின் அடியில் இட்ட பிறகுதான் அவை நிமிர்ந்தன. உம்மம்மாவின் ஒரு பிடி மண் இங்கே பொய்க்கவில்லை! நம் மலைநாட்டில் இன்று அடர்ந்து நிற்கும் பைன்களும் இந்த மண்ணுக்குரியவை அல்ல. அவற்றின் பங்கசுவும் வெளியிலிருந்து வந்ததுதான்.

மறுபக்கம் நெடுந்தீவில் நிற்கும் பெருக்கமரத்தைப் பாருங்கள். ஆபிரிக்காவுக்குரிய மரம். அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்று சொல்வார்கள். அது யாருடைய மண்ணையும் எதிர்பார்க்காமல் இந்தச் சுண்ணக்கல் தீவில் வேரூன்றி நிற்கிறது. காரணம், அந்த வகை மரங்கள் சேர்ந்து வாழும் பங்கசு ஆள் பார்ப்பதில்லை. சில நூறு பங்கசு இனங்கள்தான் உலகத்தின் இலட்சக்கணக்கான தாவர இனங்களுக்குப் பங்காளி. வேம்பின் வேரில் இருப்பது மருதோன்றியின் வேரிலும் போய் ஒட்டும். ஊர் பேர் கேட்காது.

இப்போது படலையடிக் கன்றைப் பற்றி நான் நினைப்பது இதுதான். வேப்பமரத்தடிக் கன்று பிழைத்ததற்குப் புத்தளத்து மண் காரணமாக இருக்கலாம். அந்த வளவின் பழைய மண்ணில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இழைகள் வந்து அணைத்ததும் காரணமாக இருக்கலாம். கிணற்றடி ஈரமாகவும் இருக்கலாம். படலையடியில் இடிபாட்டுச் சுண்ணாம்பும் வெயிலும்தான் இருந்தன. நான் கடலில் தூவியது ஒரு பிடிதான். அந்தப் பிழையை நான் முழுதாகச் சுமக்கவும் தேவையில்லை, மறக்கவும் தேவையில்லை.

போன விடுமுறையில் நயினாதீவுக்குப் போனபோது இவ்வளவையும் உம்மம்மாவிடம் சொன்னேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. வேப்பமரத்தடி மருதோன்றி என்னைவிட உயரம். அதன் கீழே கதிரை போட்டு அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பங்கசு, காபன், பொசுபரசு எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "உதுக்கு இவ்வளவு படிப்பா?" என்றார். பிறகு படகில் நான் செய்த வேலையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியுமே. நீ சின்னப் புள்ள, மண்ணில என்ன இருக்கெண்டு தெரியாது. ஏச்சுப்போட்டா தெரிஞ்சிருமா? ஒருநாளைக்குத் தெரியட்டும் எண்டு விட்டுட்டன்."

ஏமாற்றுத் தாவரம் என்ற பெயரையும் உம்மாவின் பள்ளிக்கூடக் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வாங்கினது வாங்கினதுதான் புள்ள. அதுல வெக்கமில்ல. கொட்டிலுக்க இருக்கேக்க எங்கட கையில என்ன இருந்திச்சு, குடுக்க? இல வந்த பிறகும் குடுக்காட்டித்தான் வெக்கம்" என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே படலையில் யாரோ கூப்பிட்டார்கள். இரண்டு வீடு தள்ளிப் புதிதாகக் குடிவந்திருக்கும் அக்கா. அவர்களின் குடும்பமும் போர்க்காலத்தில் தீவை விட்டுப் போய், பல ஊர்களில் இருந்து, இப்போதுதான் பழைய வளவைத் துப்புரவாக்கித் திரும்பியிருக்கிறது. மகளுக்குக் கலியாணம் வருகிறதாம். "அம்மா, மருதோன்றி கொஞ்சம் ஆயலாமோ?" என்று கேட்டார்.

"இலையும் ஆய்ஞ்சுகொண்டு போங்கோ பிள்ளை, கன்றும் ஒண்டு கொண்டு போங்கோ" என்றார் உம்மம்மா. அடியில் தானாக முளைத்திருந்த கன்றொன்றை நான் வேர் அறாமல் கிண்டி எடுத்தேன். உம்மம்மா குனிய முயன்றார், முடியவில்லை. என்னைப் பார்த்துக் கையை மட்டும் காட்டினார்.

நான் மருதோன்றியின் அடியில் கைவிட்டு ஒரு பிடி மண் எடுத்தேன். துணித்துண்டு தேடினேன், கிடைக்கவில்லை. என் கைக்குட்டையில் முடிந்து அந்த அக்காவிடம் கொடுத்தேன்.